சுவரில் படித்த கணக்கு

குட்டீஸ்! உங்கள் வீட்டுச் சுவரில் என்னவெல்லாம் இருக்கிறது? காலண்டர், சாமி படம், தம்பி கிறுக்கிய பென்சில் கோடுகள்... இப்படித்தானே? ரஷ்யாவில் ஒரு சிறுமியின் அறைச் சுவர் முழுவதும் கணக்காகவே இருந்தது. அதுவும் கல்லூரியில் படிக்கிற கணக்கு!

அந்தச் சிறுமிதான் பின்னாளில் உலகமே பாராட்டிய கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா. 1850-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். அப்பா பீரங்கிப் படையில் ஜெனரல். அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் பாலிபினோ என்ற கிராமத்தில் இருந்த பெரிய பண்ணை வீட்டுக்குக் குடிபோனது.

புது வீட்டின் சுவர்களில் ஒட்டுவதற்காக பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து வண்ணக் காகிதம் வரவழைத்தார்கள். எல்லா அறைகளுக்கும் ஒட்டியாயிற்று. குழந்தைகள் அறை ஒன்றுக்கு மட்டும் காகிதம் போதவில்லை! ஓர் அறைக்காக மறுபடியும் அவ்வளவு தூரம் ஆள் அனுப்ப வேண்டுமா? பரணில் கிடந்த பழைய காகிதங்களை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவை அப்பா இளமையில் வாங்கிய நுண்கணிதப் பாடக் குறிப்புகள். ஒரு பொருள் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று கணக்கிடச் சொல்லித் தருவதுதான் நுண்கணிதம். நீங்களும் பிளஸ் டூவில் படிப்பீர்கள்.

சிறுமி சோபியாவுக்கு அதில் ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் அந்த விசித்திரமான குறிகள் அவளை விடவில்லை. மணிக்கணக்கில் சுவர் முன்னால் நிற்பாள். ஏதாவது ஒரு வரியாவது புரியாதா என்று பார்ப்பாள். எந்தப் பக்கத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் வரும் என்று தேடுவாள். பார்த்துப் பார்த்தே பல வரிகள் அவள் மனதில் பதிந்துவிட்டன.

அவளுக்கு ஒரு பெரியப்பா இருந்தார். பெயர் பியோத்தர். அவர் கணிதம் முறையாகப் படித்தவர் அல்ல. ஆனால் கணக்கைப் பற்றிக் கதை போலப் பேசுவார். ஒரு நேர்கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் தொடவே தொடாத வளைகோடு ஒன்று உண்டு என்று சொல்வார். அது எப்படி முடியும் என்று சோபியாவுக்கு ஒரே வியப்பு! கணக்கு என்றால் ரகசியங்கள் நிறைந்த வேறொரு உலகம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண்களுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று நினைத்தார். கணக்குப் பாடத்தையே நிறுத்திவிட்டார். சோபியா சும்மா இருப்பாளா? ஓர் அல்ஜீப்ரா புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். எல்லோரும் தூங்கிய பிறகு, மங்கலான விளக்கொளியில் படித்தாள்.

அப்போது பக்கத்துப் பண்ணையில் இருந்த திர்த்தோவ் என்ற பேராசிரியர், தான் எழுதிய இயற்பியல் புத்தகத்தை அவள் வீட்டுக்குக் கொடுத்தார். சோபியா அதை ஆர்வத்தோடு புரட்டினாள். ஒளியைப் பற்றிய பாடத்தில் திடீரென்று ஒரு சொல் குறுக்கிட்டது: சைன்! அது என்னவென்று விளக்கிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

உங்களுக்கு இப்படி ஒரு சொல் வந்தால் என்ன செய்வீர்கள்? புத்தகத்தை மூடிவிடுவீர்களா? சோபியா மூடவில்லை. சைனுக்குப் பதிலாக வட்டத்தின் நாணை வைத்துப் பார்த்தால் என்ன என்று யோசித்தாள். வைத்துப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த சூத்திரங்கள் சரியாகவே வந்தன!

எப்படி என்று நீங்களே பாருங்களேன். ஒரே புள்ளியிலிருந்து 10 செ.மீ. நீளத்தில் இரண்டு கோடுகள் வரையுங்கள். நடுவில் கோணம் 60 டிகிரி இருக்கட்டும். இரண்டு நுனிகளையும் இணைத்தால் அதுதான் நாண். நீளம் 10 செ.மீ. இப்போது ஒரு நுனியிலிருந்து மற்றக் கோட்டுக்குச் செங்குத்து வரையுங்கள். அது சுமார் 8.7 செ.மீ. இந்தச் செங்குத்தின் நீளத்தை 10-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் சைன். அடுத்து, 10 டிகிரி கோணத்துக்கு இதையே செய்யுங்கள். நாண், செங்குத்து இரண்டுமே சுமார் 1.7 செ.மீ.தான்! கோணம் சிறிதாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அந்தப் புத்தகத்தில் இருந்தவை சிறிய கோணங்கள்.

பேராசிரியர் மீண்டும் வந்தபோது, புத்தகத்தைப் படித்துவிட்டதாகச் சோபியா சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. சைனை அவள் விளக்கியதும் திகைத்துப்போனார். பழங்காலத்துக் கிரேக்க அறிஞர்களும் நாணில்தானே தொடங்கினார்கள்! இவளைக் கட்டாயம் படிக்கவையுங்கள் என்று அவள் அப்பாவிடம் வற்புறுத்தினார். அப்பாவும் மெல்ல மனம் மாறினார்.

15 வயதில் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் ஆசிரியரிடம் நுண்கணிதம் கற்கத் தொடங்கினாள். அவள் புரிந்துகொண்ட வேகத்தைப் பார்த்து ஆசிரியருக்கே ஆச்சரியம். காரணம் தெரிகிறதா? பாடம் நடக்க நடக்க, அந்தப் பழைய சுவர் அவள் கண்முன் வந்தது. அன்று புரியாமல் நின்ற வரிகளுக்கெல்லாம் இன்று பொருள் தெரிந்தது!

ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. ஆகவே 1869-ல் ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் பல்கலைக்கழகத்திலும் கதவு திறக்கவில்லை. வையர்ஸ்ட்ராஸ் என்ற பெரிய கணிதப் பேராசிரியரை நேரில் சந்தித்தார். அவர் கடினமான கணக்குகள் சிலவற்றைக் கொடுத்து அனுப்பினார். சோபியா எல்லாவற்றையும் தன் சொந்த வழியில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்! நான்கு ஆண்டுகள் வையர்ஸ்ட்ராஸ் அவருக்குத் தனியாகவே பாடம் நடத்தினார். 1874-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது.

பட்டம் கிடைத்தும் பல ஆண்டுகள் வேலை கிடைக்கவில்லை. 1884-ல்தான் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பேராசிரியர் ஆனார். 1888-ல் பாரீஸ் அறிவியல் கழகத்தின் போட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். பம்பரம் போலச் சுழலும் பொருள்களைப் பற்றிய கணக்கு அது. பரிசுத் தொகை 3,000 பிராங்க். எழுதியவர் பெயர் தெரியாமலே கட்டுரைகளைப் படித்த நடுவர்கள், இந்தக் கட்டுரையின் சிறப்பைப் பார்த்துத் தொகையை 5,000 பிராங்காக உயர்த்தினார்கள்!

1891-ல், 41 வயதிலேயே சோபியா காலமானார். இன்று நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

குட்டீஸ், அடுத்த முறை ஒரு கணக்கு புரியவில்லை என்றால் நோட்டை மூடிவிடாதீர்கள். விடையைப் பார்த்து எழுதியும் விடாதீர்கள். கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே நில்லுங்கள். படம் வரைந்து பாருங்கள். வேறு ஏதாவது வைத்துப் பாருங்கள். இன்று புரியாவிட்டாலும் பரவாயில்லை. சோபியாவின் சுவர் போல, என்றாவது ஒரு நாள் அது உங்களோடு பேசும்!