தடைக்கு ஆளான படமும் தளராத சுப்ரமணியமும்

திரைப்படம் என்றதும் மக்கள் நாவில் முதலில் வருவது நட்சத்திரங்களின் பெயர்தான். அந்தப் படத்தை எண்ணியவர் யார், எண்ணியதற்காக ஏச்சுப் பேச்சுக்கு ஆளானவர் யார், கைப்பொருளை இழந்தவர் யார் என்று கேட்டால் விடை கூற ஆளில்லை. தமிழ்த் திரையுலகின் தொடக்க நாட்களில் துணிவு என்ற சொல்லுக்குப் பொருளாக விளங்கிய டைரக்டர் கே. சுப்ரமணியம் 1971-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. அவர் பெயரை இன்றைய இளைஞரிடம் சொன்னால், எந்த சுப்ரமணியம் என்றுதான் கேட்பர். குற்றம் இளைஞருடையது என்று நாம் கூறமாட்டோம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

1904-ஆம் ஆண்டு தஞ்சைத் தரணியின் பாபநாசத்தில் பிறந்தவர் அவர். சட்டம் படித்தார், வக்கீல் ஆனார். கும்பகோணத்தில் கறுப்புக் கோட்டும் கட்சிக்காரருமாக வாழ்ந்திருந்தால் வசதியாகக் காலம் கழித்திருக்கலாம். அவரோ, படம் பேசாதிருந்த காலத்திலேயே ராஜா சாண்டோவின் குழுவில் சேர்ந்து தொழில் பழகினார். 1934-இல் 'பவளக்கொடி'யை இயக்கினார். மேடையிலே புகழ் பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் திரையில் முதன்முதலாகத் தோன்றியது அந்தப் படத்தில்தான். பாகவதர் பின்னாளில் எப்பேர்ப்பட்ட புகழ் பெற்றார் என்பதை நாடறியும். அந்தப் புகழுக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டவர் இந்த வக்கீல்.

அன்றைய படங்கள் எப்படி இருந்தன? அர்ச்சுனன் வருவான், அல்லி வருவாள், நாரதர் வருவார், பாட்டின்மேல் பாட்டாக வரும். மக்கள் மெய்மறந்து கேட்டனர், மகிழ்ந்தனர். சுப்ரமணியமும் அந்த வழியில் சிறிது தொலைவு நடந்தவர்தான். 1936-இல் அவர் எடுத்த 'பக்த குசேலா'வில் குசேலராக வந்தவர் இசை அறிஞர் பாபநாசம் சிவன். ஆனால், ஆண்டவன் கதையோடு நின்றுவிட அவருக்கு மனமில்லை. அண்டை வீட்டுக் கதையை, அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் கதையைத் திரைக்குக் கொண்டுவர எண்ணினார்.

1937-இல் 'பாலயோகினி' வந்தது. ஆதரவற்ற அந்தணப் பெண்ணுக்கு, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரனின் வீடு புகலிடம் தருகிறது. மொட்டையடிக்கப்பட்ட விதவையின் கோலத்தையும் திரை மறைக்கவில்லை. வீட்டின் இருட்டறையில் மறைத்து வைத்திருந்த கொடுமை, வெள்ளித் திரையில் வெளிச்சம் போட்டுக் காட்டப்பட்டது. பொறுப்பார்களா சனாதனிகள்? தஞ்சைப் பகுதியில் கூடிப் பேசி, சுப்ரமணியத்தைச் சாதியிலிருந்து விலக்கிவைத்தார்கள். பிறந்த குலமே பிரஷ்டம் செய்தது. அவர் கலங்கினாரா? அடுத்த ஆண்டே அடுத்த படத்தைத் தந்தார்!

அதுதான் 1938-இல் வந்த 'சேவாசதனம்'. இந்தி, உருது இலக்கியங்களில் ஈடு இணையற்ற பிரேம்சந்தின் நாவல் அது. வயது முதிர்ந்த கணவன், வாழ வேண்டிய இளம்பெண், அவளைத் தெருவிலே தள்ளும் சமுதாயம், இவைதாம் கதை. கதாநாயகியாக நடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி, அவருக்கு அதுவே முதல் படம். கணவனாக நடித்தவர் திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவிய எப்.ஜி. நடேச அய்யர். தவறை உணர்ந்த அந்தக் கணவன் பூணூலை அறுத்தெறியும் காட்சியும் படத்தில் இடம்பெற்றது. 1938-இல், இப்படி ஒரு காட்சி! இன்று அப்படி எடுக்க எத்தனை பேர் முன்வருவர் என்று எண்ணிப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக அமைந்தது 1939-ஆம் ஆண்டு மே திங்களில் வெளிவந்த 'தியாக பூமி'. கல்கி அந்தக் கதையை 'ஆனந்த விகடன்' ஏட்டில் வாரந்தோறும் எழுதி வந்தார். எழுத்து ஒரு பக்கம், படப்பிடிப்பு ஒரு பக்கம். படத்தில் நடித்தவர்களின் நிழற்படங்களே தொடர்கதைக்குச் சித்திரங்களாக அச்சாயின. வாசகன் ஏட்டில் கண்ட முகத்தைக் கொட்டகையில் கண்டான். இன்று விளம்பர நிபுணர்கள் பெரும்பொருள் செலவிட்டுச் செய்வதை, அன்று ஒரு டைரக்டரும் ஒரு எழுத்தாளரும் ஒரு பத்திரிகை அதிபரும் சேர்ந்து செய்து முடித்தனர். அந்த அதிபர் எஸ்.எஸ். வாசன். படத்தை விநியோகித்ததும் அவருடைய நிறுவனமே.

நடிகர் கூட்டமும் அதற்கேற்ப அமைந்தது. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன். மகள் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி; கணவன் ஸ்ரீதரனாகக் கே.ஜே. மகாதேவன், பேத்தி சாருவாக, சுப்ரமணியத்தின் தம்பி மகள் பேபி சரோஜா. பின்னணியில் டி.கே. பட்டம்மாளின் கம்பீரக் குரல். கருநாடக இசை மேடையின் பெரும் பெயர்கள், சினிமா என்றால் முகம் சுளித்த காலம் அது. அந்த மேடையிலிருந்தே சிவனையும் எம்.எஸ்.ஸையும் பட்டம்மாளையும் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார் சுப்ரமணியம்.

கதைதான் என்ன? புயலில் குடிசை இழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சம்பு சாஸ்திரி இடம் தருகிறார். அக்கிரகாரம் அவரை ஒதுக்குகிறது. மகளை மணந்த ஸ்ரீதரன், மேல்நாட்டு மோகத்தில் மனைவியைத் துரத்துகிறான். துரத்தப்பட்டவள் பிற்காலத்தில் செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள். அப்போது கணவன் கோர்ட்டுக்கு ஓடுகிறான். மனைவி தன்னுடன் வாழ வேண்டும் என்று வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள். வேண்டுமானால் கணவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகக் கூறுகிறாள்.

அந்தக் காலத்தின் சட்டத்தை நினைவிற்கொண்டு இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். அன்று சென்னை மாகாணத்தில் இந்துப் பெண் மணவிலக்குக் கோரச் சட்டம் இடம் தரவில்லை. அந்த உரிமைக்கான சட்டம் இங்கே 1949-இல்தான் வந்தது. நாடு முழுமைக்கும் 1955-இல் வந்தது. அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 9-ஆவது பிரிவு, பிரிந்த துணையைச் சேர்ந்து வாழக் கட்டளையிடும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்கு அளித்தது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983-இல் அது செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 1984-இல் செல்லும் என்றது. சாவித்திரியின் வழக்கு, கொட்டகையில் விளக்கு எரிந்ததும் முடிந்துபோன வழக்கல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தாழ்த்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டது 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள். 'தியாக பூமி' வெளிவந்ததோ அதற்கு முந்தைய மே திங்களில். சட்டம் வருமுன் கலை வந்தது. கதையின் முடிவில் சாவித்திரி கதருடுத்தி விடுதலைப் போரில் இறங்கி, சிறை செல்கிறாள். ராஜாஜியின் அமைச்சரவை இருந்த வரையில் படம் தடையின்றி ஓடியது. போர் மூண்டது; 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகியது; ஆளுநர் ஆட்சி அமர்ந்தது. அதன்பின் வெள்ளை அரசு 'தியாக பூமி'க்குத் தடை போட்டது. துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்த ஏகாதிபத்தியம், ஒரு பிலிம் சுருளைக் கண்டு அஞ்சியது!

புகழ்ந்து மட்டும் எழுதுவது நம் வழக்கமல்ல. சாவித்திரி எழுப்பிய கேள்விக்குப் படம் முழு விடை தரவில்லை என்பது நம் கருத்து. மனைவியின் உரிமை என்று தொடங்கிய வழக்கு, தேச விடுதலை ஊர்வலத்திலே கலந்து மறைந்துவிடுகிறது. நாடு விடுதலை பெற்றால் வீடும் தானாக விடுதலை பெறும் என்று அன்று பலர் நம்பினர். அப்படி நடக்கவில்லை என்பதை வரலாறு காட்டிற்று. ஆயினும், கேள்வியை மக்கள் மன்றத்தின்முன் வைத்த பெருமையை எவரும் பறிக்க முடியாது.

பெருமை வந்தது, பொருள் நின்றதா? சென்னை மவுண்ட் ரோடில் சுப்ரமணியம் முன்னின்று நடத்திய ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. ஏலத்துக்கு வந்த அந்த இடத்தை வாங்கியவர், அவருடைய படத்தை விநியோகித்த அதே வாசன். அதுவே ஜெமினி ஸ்டூடியோ ஆயிற்று. இன்று ஸ்டூடியோவும் இல்லை. அங்கே எழுந்த மேம்பாலத்தை மக்கள் ஜெமினி என்றே அழைக்கின்றனர். அதன்மேல் விரைவோரில் எத்தனை பேருக்குத் தெரியும், அடியிலே கிடப்பது ஒரு கலைஞனின் சாம்பல் படிந்த கனவு என்று?

போர்க்காலம் மற்றொரு சோதனையைக் கொண்டுவந்தது. கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. படத்தின் நீளம் 11,000 அடிக்குமேல் போகக் கூடாது என்று 1942-இல் கட்டுப்பாடு பிறந்தது. பின்னர், பிலிம் வேண்டுமானால் போர் ஆதரவுப் படம் எடுக்க வேண்டும் என்ற நிலையும் வந்தது. எந்த அரசு அவருடைய படத்தைத் தடுத்ததோ, அந்த அரசின் போருக்கு ஆதரவாக 1945-இல் 'மான சம்ரட்சணம்' எடுத்தார். நாம் இதை மறைக்கவில்லை, பழிக்கவும் இல்லை. பிலிம் இல்லையேல் பணியில்லை. பணியில்லையேல் அவரை நம்பிய நூறு குடும்பங்களில் அடுப்பெரியாது.

தாம் தளர்ந்தபோதும் தொழிலாளரையும் கலைஞரையும் அவர் மறக்கவில்லை. 1939-இல் தோன்றிய தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்கும், 1952-இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கும் அடித்தளம் இட்டவர்களில் முன் வரிசையில் நின்றார். நிருத்யோதயா என்ற நடனப் பள்ளியை நிறுவினார். மகள் பத்மா சுப்ரமணியம் பரதக் கலையில் உலகப் புகழ் பெற்றார். மகன் எஸ். கிருஷ்ணசுவாமி, எரிக் பார்னோவுடன் இணைந்து இந்தியத் திரைப்பட வரலாற்றை எழுதி 1963-இல் வெளியிட்டார்.

அவருடைய படங்கள் என்ன ஆயின? பலவற்றின் பிரதிகள் பாழாயின. தடையைத் தாண்டிய 'தியாக பூமி'யின் பிரதி, தமிழ்நாட்டில் அன்று, புனே நகரத் திரைப்படக் காப்பகத்தில்தான் பாதுகாக்கப்பட்டது. தலைவர்களுக்குச் சிலை வைக்கும் நாடு இது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு கலைஞனுக்குச் சிலையைவிடச் சிறந்தது அவன் படைப்பை மக்கள் காண்பது. தமிழகத்துக்கெனத் தனித் திரைப்படக் காப்பகம் வேண்டும். எஞ்சிய படங்களைத் தேடித் தொகுத்து, ஊர்தோறும் கல்லூரி மாணவர்க்குத் திரையிட்டுக் காட்ட வேண்டும். வெள்ளை அரசு தடை போட்டு மறைத்தது. நம் கையில் ஆட்சியும் பொருளும் இருக்கும் நாளில், கவனமின்மையால் நாமே மறைத்துவிடலாமா?