ஆறு புள்ளி தந்த ஆசான்

மாணாக்கர் ஒருவர் தமக்கு வேண்டிய கற்றற் கருவியைத் தாமே ஆக்கித் தர, அதனைக் கல்விக்கூடத் தலைவர் ஏற்க மறுத்த வரலாறு ஒன்றை இம்மலர் வாசகர் முன் வைக்க விழைகின்றோம். அம்மாணாக்கர் லூயி பிறெயில் ஆவார்.

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கேயுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், பட்டறையிலே விளையாட்டாகத் தோலைத் துளைக்க முயன்றபோது குத்தூசி தவறிக் கண்ணிற் பாய்ந்தது. அப்புண் மற்றைக் கண்ணையும் பற்ற, ஐந்து வயதில் உலகம் முற்றாக இருண்டது. ஊர்ப் பள்ளியிற் செவிப்புலனாற் கற்ற சிறுவர், 1819இல் பாரிசிலிருந்த விழிப்புலனற்ற இளைஞருக்கான அரச கல்விக்கூடத்திற் சேர்ந்தார்.

வலந்தீன் ஹாயீ என்னும் பெருந்தகை நிறுவிய கூடம் அது. உரோம எழுத்துக்களையே பெரிதாகத் தாளிற் புடைக்கச் செய்து, விரலாற் தடவிப் படிக்கப் பயிற்றினர். நன்னோக்கமே, ஐயமில்லை. ஆயினும் அது கண்ணுடையார் வகுத்த முறை. கண்ணுக்கு எளிய வளைவுகள் விரலுக்கு இடராயின. நூல்களோ பெரும்பாரம். எல்லாவற்றினும் பெரிய குறை, மாணாக்கர் அம்முறையிலே தாமாக எழுத இயலாமை. பிறர் எழுதியதை மட்டும் தடவியிருப்பது அரைக் கல்வியே என்பது எம் கருத்து.

1821இல், பீரங்கிப் படையிற் பணியாற்றிய சாள் பார்பியே என்பவர் புடைத்த புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றை அங்கு அறிமுகஞ் செய்தார். புள்ளி விரலுக்கு உகந்தது என்பதைப் பிறெயில் உடனே உணர்ந்தார், குறைகளையும் உணர்ந்தார். பார்பியேயின் கட்டத்திற் பன்னிரண்டு புள்ளிகள். விரல்நுனி ஒன்று அதனை ஒருங்கே தொடமாட்டாது. எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அதில் இடமில்லை. பிறெயில் பன்னிரண்டை ஆறாக்கினார். ஒரு நிரலுக்கு மூன்றாக இரு நிரல். விரல்நுனி ஒரு தொடுகையில் முழுவதையும் அறியும். அவ்வாறினின்றும் 63 வேறுபட்ட குறிகள் பிறக்கின்றன. 1824இல் இம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து! எம் கல்லூரி இளைஞர் இவ்வயதைக் குறித்துக்கொள்வாராக. எழுதுதற்கு வேண்டுவன ஒரு சட்டமும் ஒரு முனையூசியுமே. வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கலாம். விழியைப் பறித்த ஊசியின் இனமே எழுதுகோலும் ஆயிற்று.

1829இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். 1833இல் அக்கூடத்திலேயே ஆசிரியரானார். தேவாலயங்களில் ஓகன் வாசிப்பதிலும் வல்லவர். இசைக்கும் அவ்வாறு புள்ளிகளையே கையாண்டார். பார்வையுள்ளோரும் படிக்கத்தக்கவாறு புள்ளிகளால் உரோம எழுத்தை அமைக்கும் முறையொன்றையும் 1839இல் வெளியிட்டார். வீட்டாருக்குத் தம் கையாலேயே கடிதம் வரையலாமன்றோ!

1840இல் தலைவராக வந்த துய்போ என்பவர் ஆறு புள்ளி முறையைத் தடுத்தார். பார்வையுள்ளோர் அறியாத எழுத்து, விழிப்புலனற்றோரைச் சமூகத்தினின்றும் பிரித்துவிடும் என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தை முற்றாக இகழ்வதற்கில்லை. ஆயின் விரலின் வழக்கிலே கண்ணை நீதிபதியாக்கியது பிழை. மாணாக்கர் மறைவாகப் பயின்றே வந்தனர். துணைத் தலைவர் குவாதே அவர்கள் பக்கம் நின்றார். 1844இல், புதிய கட்டடத் திறப்பு விழாவில், அம்முறை அவையறியப் போற்றப்பட்டது; தடையும் நீங்கிற்று.

நெடுங்காலம் காசநோயால் வருந்திய பிறெயில் 1852 சனவரி 6இல் மறைந்தார். 1854இலேயே பிரான்சு அவரது எழுத்தை முறைப்படி ஏற்றது.

தமிழும் அவ்வாறு புள்ளிகளுள் அடங்கியது. 1951இல் இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பெற்ற பாரதி பிறெயில் முறையில், பிறெயிலின் முதற்குறி அகரமாகும். அச்சில் மெய்க்கு முன்னே நிற்கும் எகரக் கொம்பு, புள்ளி எழுத்தில் ஒலிக்கும் முறைப்படி மெய்க்குப் பின்னே வருவது சுவையான செய்தி. இன்று கணினியோடு இணைத்த பலகையிலே நுண்முட்கள் எழுந்தும் அமிழ்ந்தும் அக்குறிகளையே காட்டுகின்றன.

1952இல், மறைந்து நூறாண்டு நிறைந்த வேளை, அவரது உடலெச்சம் பாரிசின் பந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கைகளை மட்டும் கூப்வ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.