இசைமேதை தெலோனியஸ் மங்க்

ஜாஸ் என்னும் இசை அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகிற்கு ஈந்த பெருங்கொடை. அவ்விசையிற் பியானோ பயின்றோர் பலர். அவருள் விரல்வேகத்தினால் வியப்பூட்டாது, சுரங்களுக்கிடையே விடும் மௌனத்தினாற் கேட்போரை ஈர்த்தவர் தெலோனியஸ் மங்க்.

இவர் 1917ஆம் ஆண்டு ஒக்தோபர் 10ஆந் திகதி வட கரொலைனாவிலுள்ள றொக்கி மவுண்ட் என்னும் ஊரிற் பிறந்தவர். 1922இல் அன்னையார் பிள்ளைகளுடன் நியூயோர்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் ஹார்லெம் பகுதியிலிருந்த மின்ரன்ஸ் விடுதியில் மங்க் பியானோ வாசித்தார். பீபொப் என்னும் புதுநெறி உருப்பெற்ற களங்களுள் அவ்விடுதி தலையாயது. 1947 முதற் புளூ நோட் நிறுவனம் அவருடைய இசைத்தட்டுக்களை வெளியிட்டது, வாங்குவோர் அரியர்.

1951இற் பெருந்துன்பம் நேர்ந்தது. நண்பர் பட் பவலுடன் காரில் இருந்தபொழுது பொலிசார் போதைமருந்தைக் கைப்பற்றினர். நண்பருக்கு மாறாகச் சாட்சி கூற மங்க் இசைந்திலர். 60 நாட் சிறை கிடைத்தது. அதனினுங் கொடியது, மது விற்கும் விடுதிகளில் வாசிப்போர்க்குரிய அனுமதி அட்டையை அவர் இழந்தமை. ஜாஸ் கலைஞனுக்கு அவ்விடுதிகளே சோறு. ஏறத்தாழ ஆறாண்டுகள் தம் நகரத்து விடுதிகளில் வாசிக்க இயலாதிருந்தவரை மனைவி நெலியின் உழைப்பே தாங்கியது.

அவ்விருண்ட காலத்தின் இறுதியிற் பிறந்ததே பிறில்லியன்ற் கோர்னர்ஸ் என்னும் இசைத்தட்டு. 1956இல் றிவர்சைட் நிறுவனத்தார் பதிவுசெய்தனர். சொனி றொலின்ஸ் ரெனர் சக்சபோனும், ஏர்னி ஹென்றி அல்ரோ சக்சபோனும், ஒஸ்கார் பெற்றிபோர்ட் பேஸும், மக்ஸ் றோச் முரசும் வாசிக்க, மங்கோடு ஐவராயினர். தட்டுக்குப் பெயர் தந்த மெட்டு பொல்லாதது. இத்தகைய மெட்டுக்கள் பெரும்பாலும் எட்டெட்டாய்ப் பகுத்த 32 தாளவட்டங்களில் அமைவன. இதுவோ எட்டு, ஏழு, ஏழு என 22இல் முடிவது. அன்றியும் ஒருமுறை விளம்பத்திலும் மறுமுறை இருமடங்கு விரைவிலும் வாசிக்கவேண்டுவது. எண்சீர் விருத்தமென்று பாடத் தொடங்கிய மாணவன் அடுத்த அடியில் எழுசீர் கண்டு திகைப்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். அத்திகைப்பே இங்குந் தேர்ந்த கலைஞர்களைப் பற்றியது.

ஒக்தோபர் 15ஆந் திகதி 25 முறை முயன்றனர். ஒருமுறையேனும் பிழையின்றி முடித்தாரில்லை. பெற்றிபோர்ட்டுக்கும் மங்குக்கும் சொற்போர் மூண்டது. ஹென்றி தளர்ந்தபோது, அவர் தனித்து வாசிக்கும் இடத்திற் குழப்பலாகாதென்று மங்க் பியானோவிலிருந்து கையெடுத்தார். ஈற்றில் தயாரிப்பாளர் ஒரின் கீப்நியூஸ் நல்ல பகுதிகளைத் தெரிந்து ஒட்டினார். ஒட்டுப்போட்டது கலையாகுமோ எனச் சிலர் வினவலாம். ஒரு தாளவட்டத்தைக் கூட்டி எட்டாக்கியிருந்தால் எல்லாரும் இனிதே முடித்திருப்பர். மங்க் அதற்கு உடன்படாமையையே யான் பெரிதென மதிக்கிறேன். அத்தட்டிலேயே பனோனிகா என்னும் மெட்டிற்கு, கலையகத்திற் கிடந்த செலஸ்ராவை வலக்கையாலும் பியானோவை இடக்கையாலும் வாசித்திருக்கிறார். கேட்கவேண்டிய இனிமை அது.

1957இல் தட்டு வெளிவந்தது; அவ்வாண்டே அட்டையும் மீண்டது. பைவ் ஸ்பொட் விடுதியில் ஜோன் கொல்ட்ரேனின் சக்சபோனோடு அவர் வாசித்த மாதங்களிற் கூட்டம் நிரம்பி வழிந்தது. 1964இல் ரைம் சஞ்சிகை அவர் உருவை அட்டையில் வரைந்தது. 2003இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பேழையிற் சேர்த்தது.

இதனைக் காண மங்க் இருந்திலர். 1970களின் நடுவில் மேடையைத் துறந்து, நண்பர் பனோனிகாவின் நியூஜேர்சி இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்தார். அங்குப் பியானோ இருந்தும் வாசிப்பதை ஏறத்தாழ விட்டொழித்தார். 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி காலமானார்.