மகப்பேறு உதவித் தொகைக்குப் பின்னால் ஒரு பெயர்

குன்னம், செந்துறை, வேப்பந்தட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காலையில் போனால், நம் தெருப் பெண்கள் சிலராவது பெஞ்சில் காத்திருப்பார்கள். கையில் கர்ப்பிணி அட்டை, ஆதார் நகல், வங்கிப் புத்தகம். 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவியில் தங்கள் தவணை ஏறிவிட்டதா என்று செவிலியரிடம் கேட்பார்கள். அந்தத் திட்டத்தின் பெயரில் உள்ள டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யார் என்று நாம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. யாரோ பெரிய வீட்டு அம்மா என்று நினைக்கிறவர்களும் உண்டு. அதனால் இந்த வாரம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

அவர் தலித் அல்லர். ஆனால் பிறப்பைக் காட்டி ஒருவரைப் பள்ளி வாசலில் நிறுத்திவைப்பது எப்படி என்பது அவருக்குத் தெரியும். 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெயரின் பின்னால் இருக்கும் ரெட்டி என்ற ஒட்டு 1914இல் மணந்த டாக்டர் சுந்தர ரெட்டியுடையது. தாயின் குலம் அந்தப் பெயரில் தெரியாது. அதனாலேயே நாம் அதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம், தாயின் குலம் மறு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார்.

1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அதன் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். அடுத்த ஆண்டு துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைச் சபையில் வலியுறுத்தினார். நோய் வந்தபின் பார்ப்பது மட்டும் மருத்துவம் அல்ல, நோய் வராமல் காப்பது அரசின் கடமை என்பது அவர் பிடிவாதம்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடியது பலருக்குத் தெரியும். அதில் நிலம் இருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகளுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். 1929இல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஊர் ஊழியத்தோடு மானியத்தைக் கட்டிவைத்த கொடுமையை அனுபவித்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் வந்தது. அதற்குப் பிறகும் வட மாவட்டங்களில் அருந்ததியர் சிறுமிகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் பற்றிய செய்திகளை நாம் படித்தோம். சட்டம் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வந்து சேருவதில்லை.

1930இல் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். தேவதாசிக் குடும்பச் சிறுமிகளை மற்ற விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் வீட்டுக் கதவைத் திறந்தார். அப்படி உருவானதுதான் அவ்வை இல்லம். ஹார்டாக் கல்விக் குழு, சென்னை மாநகராட்சி, மாநில சமூக நல வாரியம் என்று அவர் அமர்ந்த இடங்கள் பல. நாற்காலிக்காக அவர் குழுக்களில் உட்காரவில்லை. கதவு எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தார்.

தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. அது தீராத நோய், அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்ட காலம் அது. பணம் திரட்டினார், அரசின் கதவைத் தட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். பணம் இல்லாதவருக்கும் சிகிச்சை உண்டு என்பது அதன் அடிப்படை. நம் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் பேருந்து ஏறி அங்கே போயிருக்கிறார்கள். 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார்.

1907இல் புதுக்கோட்டைப் பெண் ஒருத்திக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறந்தது. 110 ஆண்டுகள் கழித்து, 2017இல், செந்துறை அருகே குழுமூரில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா, பிளஸ் 2 தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் அதே கதவின் முன் நின்றாள். கதவு திறக்கவில்லை, அவளை இழந்தோம். 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூர் அதற்காக நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கட்டடம் வந்தால் போதாது. அதன் வகுப்பறையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், மருத்துவமனை நிர்வாகக் குழுவில் நம்மவர் எத்தனை பேர், தவணைப் பணம் தவறிய பெண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். குழுக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்துப் போவோம். முத்துலட்சுமி ஆயுள் முழுக்கச் செய்த வேலை அதுதான்.