பகடையும் தலைமுறையும்: சர் பிரான்சிஸ் கால்டன்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரையடுத்து 1822-ஆம் ஆண்டில் பிறந்தவர் சர் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினுக்கும் இவருக்கும் பாட்டனார் ஒருவரே. தந்தை விட்டுச்சென்ற செல்வம் பிழைப்புக் கவலையை நீக்கிற்று. தென்மேற்கு ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார். வானிலைப் படம் வரைந்தார். கைவிரல் ரேகைகளை ஆராய்ந்தார். ஆயினும் ஈண்டு நாம் கருதுவது, மக்கட்பெருக்கத்தை நிகழ்தகவோடு பிணைத்த அவருடைய வினா ஒன்றினையே.

புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் சில தலைமுறைகளில் மறைந்துபோவது ஏன்? பிரபுக்கள் உடன்பிறப்பற்ற செல்வப் பெண்களை மணந்தமையால், மகப்பேறு குன்றிய குடிவழி அவர்களையும் பற்றிற்று என 1869-இல் வெளிவந்த தம் நூலில் கால்டன் காரணம் காட்டினார். பின்னர் அவருக்கே ஐயம் பிறந்தது. தற்செயல் ஒன்றே இத்தனை பெயர்களை அழிக்கவல்லதா என்பதைக் கணித்தறியாமல் வேறு காரணம் தேடலாகாது அன்றோ? இவ்வினாவை 1873-இல் 'எஜுகேஷனல் டைம்ஸ்' இதழில் கணக்காக வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெனிவாவின் தாவரவியலறிஞர் டி கண்டோலும் இவ்வையத்தை எழுப்பியிருந்தார். பாதிரியாரும் கணித அறிஞருமான ஹென்றி வாட்சன் விடை கண்டார்.

வாட்சன் காட்டிய எடுத்துக்காட்டை நாமும் பகடை உருட்டிப் பார்க்கலாம். நூறு ஆடவர், ஒவ்வொருவருக்கும் தனிக் குடும்பப்பெயர். ஒருவருக்காக உருட்டும்போது ஒன்றோ இரண்டோ விழுந்தால் அவருக்கு மகனில்லை. மூன்று, நான்கு எனில் ஒரு மகன். ஐந்து, ஆறு எனில் இரு மகன்கள். பிறந்த மகன் ஒவ்வொருவருக்காகவும் மீண்டும் உருட்டுக. சராசரியாக ஒருவருக்கு ஒரு மகன் என்பதால் மொத்தத் தொகை பெருகவும் குறையவும் காரணமில்லை. ஆயினும் முதல் தலைமுறையிலேயே ஏறத்தாழ 33 பெயர்கள் மறையும். இரண்டாவதில் 48, மூன்றாவதில் 57, ஐந்தாவதில் 68 என மறைந்தவை கூடிக்கொண்டே செல்லும். உயர்குடி இது, தாழ்குடி இது என்பதைப் பகடை அறியாது. பகடையை ஆய்வுக் கருவியாகவே கருதிய கால்டன், புள்ளியியல் சோதனைகளுக்கெனத் தாம் வகுத்த மரப் பகடைகளை 1890-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்.

வாட்சனின் விடையில் பிழையொன்று இருந்தது. சராசரி ஒன்றுக்கு மேற்படினும் எல்லாப் பெயர்களும் இறுதியில் அழியும் என்றார் அவர். உண்மையில் அந்நிலையில் ஒரு பெயர் என்றும் நிலைத்திருக்க வாய்ப்புண்டு. பிரெஞ்சு அறிஞர் பியனமே 1845-லேயே சரியான முடிவைக் கண்டிருந்தார். 1970-களில்தான் அது மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

1873-இல் கால்டன் காட்டிய நிதானம் அவரிடம் நிலைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. தக்கோர் மட்டுமே பெருகவேண்டும் என்னும் கொள்கைக்கு 1883-இல் 'யூஜெனிக்ஸ்' எனப் பெயர் சூட்டி, இறுதிவரை அதனையே பரப்பினார். அக்கொள்கையின் பெயரால் அமெரிக்காவிலும் ஹிட்லரின் ஜெர்மனியிலும் எளியோர் பலர் வன்முறையாகக் கருத்தடைக்கு ஆளாயினர். 1853-இல் லூயிசாவை மணந்த கால்டனுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. 1911-இல் மறைந்தபோது, அக்கொள்கையை ஆராயும் பேராசிரியர் பதவிக்கென லண்டன் பல்கலைக்கழகத்திற்குச் செல்வத்தை எழுதிவைத்திருந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 2020-இல் தன் விரிவுரைக் கூடத்தினின்று அவர் பெயரை நீக்கியது. தலைமுறைக் கணக்கோ கால்டன்–வாட்சன் என்ற பெயராலேயே கணித வகுப்புகளில் பயிலப்படுகிறது.