சிறுவர் மொசார்ட்டும் தமக்கையாரும்

உலகம் போற்றும் இசைமேதை மொசார்ட், இன்று ஆஸ்திரியா நாட்டிலுள்ள சால்ஸ்பர்க் நகரில் 1756-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் லியோபோல்ட் அரண்மனையில் வயலின் கலைஞராகப் பணியாற்றியவர். பிறந்த எழுவருள் எஞ்சிய பிள்ளைகள் இருவரே. மூத்தவர் மரியா அன்னா, இளையவர் மொசார்ட். தமக்கையார் விசைக்கருவி பயிலும்போது அருகிருந்து கேட்டே தம்பியும் இசையில் ஈடுபட்டார்.

1763-ஆம் ஆண்டு குடும்பத்தார் குதிரை வண்டியில் ஐரோப்பிய நகரங்களை நோக்கிப் புறப்பட்டனர். பிள்ளைகள் வாசித்துப் பெற்ற பரிசிலே வழிச்செலவுக்கு உதவிற்று. மறு ஆண்டு ஏப்ரல் திங்களில் இலண்டன் மாநகரை அடைந்து, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் முன்னிலையில் வாசித்தனர்.

அவ்வாண்டுக் கோடையில் தந்தையார் கடும் நோயுற்றார். நகருக்கு வெளியே செல்சியில் ஒரு வீட்டில் தங்கினர். நோயாளியின் அமைதி கருதிப் பிள்ளைகள் இசைக்கருவியைத் தொடலாகாது. எட்டு வயதுச் சிறுவர் என்ன செய்வார்? எழுதுகோலை எடுத்துத் தம் முதல் சிம்பொனியை எழுதலானார். தமக்கையார் அருகிலமர்ந்து படியெடுத்துக் கொடுத்தார்.

இலண்டனில் தங்கியிருந்த அந்நாள்களில்தான் அவருடைய ஆறு சொனாட்டாக்களும் உருவாயின. சொனாட்டா என்பது பாடலின்றிக் கருவிகளால் மட்டும் இசைக்கப்பெறும், பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பாகும். இவ்வாறிலும் விசைக்கருவியே தலைமை தாங்கும். வயலினோ புல்லாங்குழலோ உடன் இசைக்கும். அக்காலப் புல்லாங்குழல் மரத்தாலானது. பக்கவாட்டில் பிடித்து ஊதப்பெறுவது. வீட்டில் எக்கருவி இருந்தாலும் வாசிக்கலாம் என்பதால் நூலை வாங்குவோரும் மிகுவர் அல்லவா? தந்தையாரின் கையும் இதில் பட்டிருக்கும் என்பாரும் உளர். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தந்தை துணைநிற்பதில் குறையொன்றுமில்லை.

லியோபோல்ட் தம் சொந்தச் செலவிலேயே நூலை அச்சிட்டார். 1765 சனவரியில் அரசி சார்லட்டுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. அரசியார் 50 கினி பரிசளித்தார்.

ஆயினும் புதுமை நாளடைவில் மங்கியது. அரண்மனையில் வாசித்த பிள்ளைகள், அவ்வாண்டு சூலைத் திங்களில் ஒரு மதுக்கடையின் கூடத்தில் கட்டணத்திற்கு வாசித்தனர். விசைகளைக் கைக்குட்டையால் மூடிவிட்டு வாசிப்பதும் அங்கே ஒரு வேடிக்கையாயிற்று. இதனைப் படிக்கையில் நெஞ்சம் நோகிறது. சில திங்களுக்குப் பின், ஹாலந்து நாட்டில் இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கடும் காய்ச்சலுற்றுப் பிழைத்தெழுந்தனர். 1766 நவம்பரில் குடும்பம் ஊர் திரும்பியது.

மரியா அன்னா பதினெட்டு வயதை எட்டியபின் தந்தையாரும் தம்பியும் மட்டுமே இத்தாலிக்குப் பயணமாயினர். திறமையில் குறைந்தவரல்லர் அப்பெண்மணி; எனினும் வீட்டிலேயே நிறுத்தப்பட்டார். தம்பியின் புகழோ வளர்ந்தது. புல்லாங்குழலுக்காக எழுதுவது தமக்குச் சலிப்பூட்டுவதாக அவரே 1778-இல் தந்தையாருக்கு மடல் எழுதினார் என்பது வியப்பே.

1791 டிசம்பர் 5-ஆம் நாள், தம் 35-ஆம் வயதில், மொசார்ட் வியன்னாவில் மறைந்தார். தமக்கையார் 1829 வரை வாழ்ந்தார். செல்சி வீட்டில் தம்பி எழுத, தாம் படியெடுத்த அந்நாள்களை நினைவிலிருந்து எழுதிவைத்தவர் அவரே.