டேனியல்: மண்சுவரால் மின்சாரம் தந்த மேதை



மயில்துத்தம் கரைந்த நீலநிற நீரில் துத்தநாகத் தகடு ஒன்றை இட்டு வைத்தால், சிறிது நேரத்தில் நீலம் வெளிறும். தகட்டின் மீது செந்நிறச் செம்பு படியும். இதனைப் பள்ளிப் பாடத்தில் நீங்கள் கற்றிருப்பீர்கள். வீரியம் மிக்க துத்தநாகம் தன் மின்னணுக்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலில் இறங்குகிறது. அவற்றைப் பெற்ற செம்பு உப்பிலிருந்து வெளியேறி உலோகமாகிறது. இவ்வெளிய நிகழ்ச்சியைக் கொண்டு உலகுக்குப் பெரும் பயன் விளைவித்தவர் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் ஆவார்.

பிறப்பும் கல்விப் பணியும்

அன்னார் 1790 மார்ச் 12 அன்று லண்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். இளமையில் உறவினர் ஒருவரின் சர்க்கரை ஆலையில் பணிபுரிந்தார். காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியொன்றை 1820-இல் உருவாக்கிப் புகழ் பெற்றார். 1831-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் முதல் வேதியியல் பேராசிரியரானார். 1835 முதல் ஆடிஸ்கோம்பில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவக் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகள் பலர் அங்கே பயின்றவர்களே.

அக்காலத்தின் குறை

வோல்டா 1800-இல் மின்கலத்தைக் கண்டறிந்திருந்தார். எனினும் அது நெடுநேரம் நிலைத்து உழைக்கவில்லை. செம்புத் தகட்டின் மீது ஹைட்ரஜன் குமிழிகள் படர்ந்து மின்னோட்டத்தைத் தளரச் செய்தன. தொடக்கத்தில் வலுவாக ஓடும் மின்சாரம் விரைவில் மெலிந்துவிடும். தொலைவிலுள்ள ஊருக்குச் செய்தி அனுப்ப விரும்புவோருக்கு அது உதவுமா?

டேனியல் 1836-இல் இதற்குத் தீர்வு கண்டார். செம்புப் பாத்திரத்தில் மயில்துத்தக் கரைசலை நிரப்பினார். அதன் நடுவே மாட்டின் உணவுக்குழாயாலான உறையில் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றி, துத்தநாகக் கோலை நிறுத்தினார். பின்னர் அவ்வுறைக்குப் பதிலாக மெருகிடாத மண்குவளை பயன்பட்டது. நம் வீட்டு மண்பானையில் நீர் கசிவதைப் போல, அக்குவளையின் நுண்துளைகள் வழியே மின்னூட்டம் கொண்ட துகள்கள் கடக்கும். ஆனால் இரு கரைசல்களும் எளிதில் கலந்துவிடமாட்டா.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். துத்தநாகமும் மயில்துத்தமும் நேரடியாகச் சேர்ந்தால் ஆற்றல் வெறும் வெப்பமாக வீணாகும். இடையே சுவர் நின்றதால், துத்தநாகம் தரும் மின்னணுக்கள் வெளியிலுள்ள கம்பி வழியே சுற்றிச் சென்றே செம்பை அடைய வேண்டியதாயிற்று. அந்தப் பயணமே மின்சாரம். ஹைட்ரஜனுக்குப் பதில் செம்பே செம்பின் மீது படிந்ததால் குமிழித் தொல்லையும் நீங்கியது. ஏறத்தாழ 1.1 வோல்ட் அழுத்தம் தளராமல் கிடைத்தது.

நாடு கடந்த பயன்

1837-இல் ராயல் சொசைட்டி அன்னாருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. தந்தித் தொழில் வளர்ந்தபோது இவ்வகை மின்கலங்களே அதற்குத் துணை நின்றன. மண்குவளைக்குப் பதில் மணலோ மரத்தூளோ இட்டு அமைத்த மினோட்டோ மின்கலம் இந்தியத் தந்தித் துறையில் பயன்பட்டது. நம் நாட்டில் 2013-இல் முடிவுற்ற தந்திச் சேவையின் தொடக்க காலத்தில், பிறப்பும் இறப்பும் ஊருக்கு ஊர் எட்டியதில் துத்தநாகத்துக்கும் செம்புக்கும் பங்குண்டு.

1845 மார்ச் 13 அன்று, 55 வயது நிறைந்த மறுநாள், ராயல் சொசைட்டியின் கூட்டத்தில் இருந்தபோதே அன்னார் திடீரென உயிர் நீத்தார்.

புதுவாயலிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்கூடங்களில் உழைக்கும் நம் இளைஞர்கள், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளைக் கண்டிருப்பர். அங்கும் இரும்பைவிட வீரியமிக்க துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. பள்ளியில் படிக்கும் சமன்பாடும் பட்டறையில் காணும் தகடும் ஒரே விதிக்கு உட்பட்டவை. அதனைப் புரிந்து படிப்போர் தேர்வில் மட்டுமன்றித் தொழிலிலும் உயர்வர். மயில்துத்தம் நச்சுத்தன்மை உடையதாதலால், இச்சோதனையை ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்து பாருங்கள்.